இருட்டினால் அணையும் கேமரா

கடலூர் ஓ.டி. துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் போன அக்டோபரில் எனக்குப் போன் செய்தார். "தம்பி, எங்க ஜெட்டி கேமரா சாயங்காலமானா செத்துப் போவுது. காலையில தானா உயிர் வந்துடுது. ரெண்டு பேர் பார்த்துட்டாங்க, கேமராவையே ஒரு தடவை மாத்தியாச்சு. நீ ஒரு நடை வந்து பாரு" என்றார்.

அந்த ஒரு கேமராவுக்கு அவர் ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்பது துறைமுகத்தில் ஒரு ராத்திரி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்புவது பெரும்பாலும் விடியலுக்கு முன்னால். இரண்டு மணி, மூன்று மணிக்கு ஐஸ் ஏற்றுவார்கள். பார் பாராக, அதாவது நீள நீளமான ஐஸ் கட்டிகளாக, சரிவில் தள்ளி, அரைத்து, படகின் அறைக்குள் கொட்டுவார்கள். எத்தனை பார் போனது என்று இந்தப் பக்கம் ஒரு கணக்கு, படகுக்காரர் பக்கம் ஒரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாத நாளில் கேமராவைத்தான் பார்க்க வேண்டும். அந்த கேமராவோ பகலில் காக்காயையும் பூனையையும் படம் பிடித்துவிட்டு, வேலை நடக்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

நான் கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் கேமரா, வைஃபை, ஆபீஸ் நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பி.ஓ.இ., அதாவது பவர் ஓவர் ஈதர்நெட் என்பதுதான். நெட்வொர்க் கேபிள் ஒன்றே போதும், அதிலேயே தகவலும் போகும், கரண்ட்டும் போகும். கம்பத்தின் மேலே இருக்கும் கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டாம், அடாப்டர் வேண்டாம். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஆபீஸ் ரூமில் இருக்கிற நெட்வொர்க் சுவிட்ச், அதாவது கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் பெட்டி, அதன் வழியாக 48 வோல்ட் அளவில் கரண்ட் அனுப்புகிறது, கேமரா அதைத் தனக்கு வேண்டிய 12 வோல்ட்டுக்கோ 5 வோல்ட்டுக்கோ குறைத்துக்கொள்கிறது.

இதை முதன்முதலில் என் அப்பாவுக்குச் சொன்னபோது அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அவர் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இதுல என்னடா புதுசு? வீட்டு போனுக்கு என்னைக்காவது பிளக் பாயின்ட் வெச்சோமா? எக்ஸ்சேஞ்சு பேட்டரியிலேர்ந்துதான் கரண்ட் வந்துச்சு. அதுவும் 48 வோல்ட்தான்" என்றார். சரிதான். ஊரே இருட்டாகக் கிடக்கும்போதும் கறுப்பு போன் மணி அடித்ததற்கு அந்த பேட்டரிதான் காரணம். ஆபீஸ்களில் நெட்வொர்க் கேபிளில் ஓடும் போன்கள் வந்தபோது, பழைய போனைப் போல இதுவும் கரண்ட் போனாலும் பேச வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் பி.ஓ.இ. வளர்ந்தது. 2003ல் அதற்கு முதல் பொது விதிமுறை வந்தது, 802.3 ஏ.எஃப். என்று பெயர். சுவிட்சில் கேபிள் செருகும் ஒரு வாயிலிருந்து, அதாவது ஒரு போர்ட்டிலிருந்து, 15.4 வாட் கிளம்பும். வழியில் கம்பி சாப்பிடுவது போக, மறுமுனையில் 12.95 வாட் கிடைக்கும் என்று கணக்கு. 2009ல் அது 30 வாட் ஆனது. 2018ல் வந்த விதிமுறைப்படி நாலு ஜோடியிலும் அனுப்பினால் 90 வாட் வரைக்கும் போகலாம்.

வழியில் கம்பி சாப்பிடுவது போக என்று எழுதினேன் பாருங்கள், ஐஸ் கம்பெனியின் விவகாரம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

நான் போனபோது காலை பதினோரு மணி. கேமரா நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. படம் கண்ணாடி மாதிரி தெளிவு. முன்னால் வந்தவர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்று உடனே புரிந்தது. படம் இவ்வளவு சுத்தமாக வந்தால் யாருக்கும் கேபிள் மேல் சந்தேகம் வராது. கேமராவை மாற்றினார்கள், ரெக்கார்டரில் வேறு போர்ட்டில் போட்டார்கள், சுவிட்சின் அடாப்டரைக்கூட மாற்றினார்கள். சாயங்காலம் மறுபடியும் அதே கதை. "ஆறு மணிக்கு நாங்க பெரிய கம்ப்ரெஸரைப் போடுவோம் தம்பி, அதுல வோல்டேஜ் அடி வாங்குதோ என்னமோ" என்றார் ஐஸ் கம்பெனி அண்ணன்.

அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார், அறுபது வயது இருக்கும். கேமரா அணைந்த நேரத்தையெல்லாம் பார் கணக்கு எழுதும் நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். எனக்கு அந்த நோட்டைக் காட்டினார். ஆகஸ்ட் ஆரம்பத்தில் 6.40. செப்டம்பர் கடைசியில் 6.10. அக்டோபரில் ஆறுக்கே, சில நாள் அதற்கும் முன்னால். நடுவில் ஒரே ஒரு நாள் மட்டும் 4.50 என்று இருந்தது. "அன்னைக்கு நல்ல மழை மேகம்" என்று அவரே சொன்னார்.

கம்ப்ரெஸர் போடும் நேரம் மாறுவதில்லை. மாறியது பொழுது சாயும் நேரம். அந்த நோட்டு இல்லாவிட்டால் நானும் அரை நாள் சுற்றியிருப்பேன்.

இருட்டினதும் கேமரா ஒரு காரியம் செய்யும். முகப்பில் இருக்கும் இன்ஃப்ரா ரெட் விளக்குகளை எரிய விடும். நம் கண்ணுக்கு அது லேசான சிவப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும், ஆனால் கேமராவுக்கு அதுதான் ராத்திரி வெளிச்சம். பகலில் அந்த கேமரா 5 வாட் எடுக்கும். விளக்கு எரியும்போது 12 வாட்டுக்குப் பக்கத்தில் போகும். அதாவது ராத்திரிக்கு இரண்டு மடங்குக்கு மேல் கரண்ட் வேண்டும்.

ஏணி போட்டு ஏறினேன். வோல்டேஜும் வாட்டும் காட்டும் சின்ன டெஸ்டர் ஒன்று என்னிடம் உண்டு, கேபிளுக்கும் கேமராவுக்கும் நடுவில் அதைச் செருகினேன். 42 வோல்ட், 5 வாட் காட்டியது. சுவிட்சிலிருந்து கிளம்புவது 48. பகல் லோடுக்கே 6 வோல்ட் வழியில் போய்விடுகிறது. தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து கேமராவின் முகத்தை மூடினேன். நாலைந்து நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், பகல் கண்ணாடி நகர்ந்து ராத்திரிப் பார்வைக்கு மாறும் சத்தம். துண்டின் இடுக்கில் சிவப்பு தெரிந்தது. டெஸ்டரில் 38, 33, அப்புறம் வெறும் கறுப்பு. கீழே ஆபீஸிலிருந்து, "போச்சு! படம் போச்சு!" என்று குரல். உச்சி வெயிலில், கம்ப்ரெஸர் ஓடாத நேரத்தில், ஒரு துண்டை வைத்து அணைத்துக் காட்டியதில் அண்ணனுக்குப் பாதி நிம்மதி. என்ன நோய் என்றே தெரியாமல் மூன்று மாசம் போயிருந்ததே.

துண்டை எடுத்ததும் ஒரு நிமிஷத்தில் அது மறுபடி உயிர் பெற்றது. ராத்திரியில் இதுதான் விடிய விடிய நடந்திருக்கிறது. எழுந்திருக்கும், இருட்டைப் பார்க்கும், விளக்கைப் போடும், விழும். அப்புறம் மறுபடியும் எழுந்திருக்கும்.

அடுத்து கேபிள். மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுமுனையில் ஓம், அதாவது கம்பியின் மின்தடை, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அங்கே தூரம் 85 மீட்டர். நல்ல செம்புக் கேபிளாக இருந்தால் ஒரு ஜோடிக்குப் போய் வர 16 ஓமைத் தாண்டக் கூடாது. பழுப்பு ஜோடி 38 காட்டியது. நீல ஜோடி 160. அதுவும் நிலையாக இல்லை, 150க்கும் 170க்கும் நடுவில் ஆடியது.

இரண்டு எண்ணும் இரண்டு வேறு நோய். 38 என்பது கேபிளின் பிறவிக் குறை. அது செம்புக் கேபிளே இல்லை. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய சரக்கு. கடையில் சி.சி.ஏ. என்பார்கள். பிளேடால் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். கம்பியும் மெலிசு. சரி, 160 எங்கிருந்து வந்தது? கேபிள் போன வழியிலேயே நடந்தேன். ஆபீஸ் சுவர், ஐஸ் உறைய வைக்கும் பிரைன் (உப்புநீர்) தொட்டி இருக்கும் ஷெட், அதைத் தாண்டி ஜெட்டி. ஷெட்டின் வெளிச்சுவரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. கேபிள் பத்தாமல் போனதால் அங்கே இரண்டு கேபிள் முனைகளைச் சேர்க்கும் கப்ளர் ஒன்று போட்டு ஒட்டி, மேலே டேப் சுற்றியிருக்கிறார்கள். பெட்டியின் மூடி மேல் பக்கம் பார்த்து இருந்தது. திறந்தால் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர். உப்புத் தண்ணீர்.

கப்ளருக்குள் செருகியிருந்த இரண்டு கேபிள் முனைக் கனெக்டரையும் வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து அவற்றை அப்பா முன்னால் வைத்தேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. லென்ஸை எடுக்கும் முன்பே, "நடுவுல இருக்கிறது பச்சையா இருக்கா?" என்று கேட்டார்.

பச்சையாகத்தான் இருந்தது. கனெக்டரில் கம்பிக்கு ஒன்றாக இருக்கும் எட்டு உலோக முள்ளில் நாலாவதும் ஐந்தாவதும், அதாவது நீல ஜோடி, பாதி காணாமலே போயிருந்தன. இருந்த மிச்சத்தில் மயில்துத்தம் மாதிரி பச்சையும் நீலமுமாகக் களிம்பு. பக்கத்திலேயே ஏழும் எட்டும், பழுப்பு ஜோடி, கொஞ்சம் வெள்ளை படிந்திருந்ததே தவிர முள் முழுசாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு, இவை தகவல் போகும் கம்பிகள், மங்கியிருந்தன, அவ்வளவுதான். அதே பெட்டி, அதே தண்ணீர், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் முள்களுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

"உன் சாமான் அந்த ரெண்டுலதான் பிளஸ் அனுப்புது" என்றார் அப்பா. அந்த சுவிட்ச் நாலு, ஐந்தில் பிளஸும் ஏழு, எட்டில் மைனஸும் விடும் ரகம்தான். அவருக்கு எப்படித் தெரியும்? "ஈரம் பட்டா பிளஸ் பக்கத்துச் செம்புதான் கரையும். அதனாலதான் எக்ஸ்சேஞ்சுல பிளஸ்ஸை பூமியில கட்டி, லைன்ல மைனஸ் 48 விடுவாங்க. பூமிக்குள்ள போற கம்பி மைனஸா இருந்தா கேபிள்ல தண்ணி பூந்தாலும் செம்பு சீக்கிரம் போவாது. எங்களுக்கு டிரெய்னிங்ல முதல் வாரம் சொல்லிக் குடுத்தது" என்றார்.

மைனஸ் 48 வோல்ட் என்று எத்தனையோ கருவிகளின் பின்புறத்தில் படித்திருக்கிறேன். ஏன் மைனஸ் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முலாம் பூசும் பட்டறையில் நடக்கும் அதே வேலைதான் இது: நேர்மின் தட்டிலிருந்து உலோகம் கரைந்து போகும். அந்தப் பெட்டியில் உப்புத் தண்ணீரும் 48 வோல்ட்டும் சேர்ந்து மே மாசத்திலிருந்து இரவு பகலாக முலாம் வேலை பார்த்திருக்கின்றன. கேபிள் போட்டது ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் படகுகள் போகாத 61 நாள் தடைக்காலத்தில், ஐஸுக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து. ஆகஸ்டில் முள் பாதி போய், ராத்திரி லோடைத் தாங்க முடியாமல் விழ ஆரம்பித்திருக்கிறது.

கணக்கும் அப்பட்டமாக ஒத்துப்போனது. மீட்டர் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் போய் வர அளந்தது. பி.ஓ.இ.யிலோ அந்த இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் கரண்ட்டைச் சுமப்பதால், பிளஸ் பக்கத்துத் தடை 160ல் கால்வாசி, 40 ஓம். மைனஸ் பக்கம் 38ல் கால்வாசி, ஒன்பதரை. மொத்தம் ஏறக்குறைய 50 ஓம். 48 வோல்ட்டை 50 ஓம் வழியாகத் தள்ளினால் மறுமுனைக்கு அதிகபட்சம் பதினொன்றரை வாட்தான் போய்ச் சேரும், என்ன செய்தாலும் அதற்கு மேல் வராது. கேமராவுக்கு 12 வேண்டும். அந்த அரை வாட்டில்தான் மூன்று மாசம் பார் கணக்கு சண்டையாகப் போயிருக்கிறது. இந்த மாதிரிக் கருவிகளில் இன்னொரு குணமும் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் பல்பு மங்குவது போல இவை மங்குவதில்லை, வேண்டிய வாட்டை எடுத்தே தீருவேன் என்று ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். ஆம்பியர் கூடினால் கம்பியில் இழப்பும் கூடும். இழப்பு கூடினால் வோல்டேஜ் இன்னும் குறையும். டெஸ்டரில் 38, 33 என்று சடசடவென இறங்கியது அதனால்தான்.

இதையெல்லாம் நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்கு விலை கேட்கும்போது எல்லாரும் கேமரா எத்தனை மெகாபிக்சல், சுவிட்ச் என்ன கம்பெனி என்றுதான் கேட்கிறார்கள். கேபிள் என்ன என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். நம் கடற்கரையில் பி.ஓ.இ. வேலை நிற்பதும் விழுவதும் கேபிளிலும் ஜாயின்ட்டிலும்தான். தகவல் மட்டும் போகும் கேபிளில் சி.சி.ஏ. கொஞ்ச தூரத்துக்குச் சமாளித்துவிடும். கரண்ட்டும் போனால் சமாளிக்காது. கேட் ஃபைவ் ஈ, கேட் சிக்ஸ் என்ற நெட்வொர்க் கேபிள் வகைகளுக்கான விதிமுறைகள் முழுச் செம்புக் கம்பியைத்தான் கேட்கின்றன. அலுமினியத்தைச் சுற்றிவிட்டு மேலே கேட் சிக்ஸ் என்று அச்சடிப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் காரியம். வாங்குகிறவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், 305 மீட்டர் பெட்டியில் செம்புக்கும் அலுமினியத்துக்கும் எடையில் நல்ல வித்தியாசம். இன்னும் சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு கம்பியை நாலைந்து முறை மடக்கிப் பாருங்கள். அலுமினியம் சீக்கிரமே முறிந்துவிடும்.

பி.ஓ.இ.யில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது கேட்டுவிட்டுக் கொடுக்கும் முறை. விதிமுறைப்படி செய்த சுவிட்ச், கேபிளைச் செருகியதும் 48 வோல்ட்டைக் கொட்டிவிடாது. முதலில் 10 வோல்ட்டுக்குள் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்து மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கும். பி.ஓ.இ. வாங்கத் தெரிந்த கருவியில் 25 கிலோ ஓம் அளவுக்கு ஒரு தடை வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். அந்த அடையாளம் தெரிந்தால், அழுத்தத்தை 15லிருந்து 20 வோல்ட்டுக்குள் கொஞ்சம் ஏற்றி, உனக்கு எவ்வளவு வேண்டும் என்று வகை கேட்கும். அதற்கப்புறம்தான் முழு வோல்டேஜ். மறுமுனையில் கேபிளைப் பிடுங்கிவிட்டால் அரை நொடிகூட ஆகாது, நிறுத்திவிடும். சாதாரண லேப்டாப்பைச் செருகினால் அடையாளம் இல்லை, கரண்ட் வராது. நம் வீட்டுப் பெரியவர்கள் பந்தியில், "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு இலையில் போடுவது போல.

கேட்காமல் போடுகிற ரகமும் உண்டு. பேசிவ் பி.ஓ.இ. என்பார்கள், பெரும்பாலும் 24 வோல்ட். மொட்டை மாடி வயர்லெஸ் கருவிகளோடு ஒரு சின்ன கறுப்பு அடாப்டராக வரும். செருகினால் செருகியதுதான், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதற்குக் கவலை இல்லை.

2014ல் புதுச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டடிச் சுவர், ஒரு அறையில் வைத்த வைஃபை அடுத்த அறைக்குப் போகாது. அறைக்கு ஒன்றாக வைக்கலாமென்றால் பிளக் பாயின்ட்டுக்காகச் சுவரைக் கொத்த அந்த அம்மா சம்மதிக்கவில்லை, அவர் சொன்னது நியாயம்தான். தேக்கு உத்தரத்தின் ஓரமாகவே மெல்லிய கேபிள்களை ஓட்டி, பி.ஓ.இ.யில் வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் நாலு தொங்கவிட்டேன். கீழே நின்று பார்த்தால் கேபிள் கண்ணுக்கே தெரியாது. இன்றுவரைக்கும் நான் செய்ததில் எனக்கு நிறைவான வேலைகளில் அது ஒன்று. ஆனால் மாடியிலிருந்து இன்டர்நெட் வாங்கும் ரேடியோ மட்டும் பேசிவ் ரகம். கடைசி நாள் அவசரத்தில் அதற்குப் போக வேண்டிய கேபிளை ரிசப்ஷன் பிரின்டரின் பின்னால் செருகிவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் சூடான பிளாஸ்டிக் வாசனை. பழைய கருவிகளின் நெட்வொர்க் போர்ட்டில் சும்மா இருக்கும் ஜோடிகளைக் குட்டிக் குட்டித் தடைகளில் முடித்திருப்பார்கள், 75 ஓம் வீதம் இரண்டு. அந்த 150 ஓம் மேல் 24 வோல்ட் விழுந்தால் கிட்டத்தட்ட 4 வாட் சூடு. அரிசி மணி அளவுக்குக்கூட இல்லாத அந்தத் தடைகள் அதைத் தாங்குமா? பிரின்டருக்கு நான்தான் பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து பேசிவ் கரண்ட் போகும் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, 24 வோல்ட் என்று மார்க்கரில் எழுதாமல் கிளம்புவதில்லை. முடிந்தவரை அந்த ரகத்தையே வாங்குவதில்லை.

புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசு. அப்போதெல்லாம் கேமராவுக்குக் கேமரா தனித்தனி அடாப்டர். மாவட்டத்தில் பல இடங்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. நான் பார்த்த இடங்களில் ஒரு கேமராகூட வேலை செய்யவில்லை, எட்டு அடாப்டருக்கு எட்டு இடத்தில் யார் யு.பி.எஸ். வைப்பார்கள்? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது நிலைமை வேறு. முத்தியால்பேட்டையில் ஒரு லாட்ஜில் ஆறு கேமரா, இரண்டு ஆக்சஸ் பாயின்ட், எல்லாம் ஒரே பி.ஓ.இ. சுவிட்சில். சுவிட்ச், ரெக்கார்டர், மோடம் மூன்றும் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி போட்ட இன்வெர்ட்டரில். மொத்த லோடு 80 வாட்டுக்குப் பக்கம். ஊர் முழுக்க இருட்டாக இருந்தபோது பதினைந்து மணி நேரம் அது ஓடியது. வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துத்தான் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தவர்களை நேரத்தோடு மாடிக்கு அனுப்பினார்கள். எங்கே ஒரு பேட்டரி இருக்கிறதோ அங்கிருந்தே எல்லாம் உயிரோடு இருக்கும், அப்பாவின் எக்ஸ்சேஞ்சு மாதிரி.

சரி, ஐஸ் கம்பெனிக்கு வருகிறேன்.

கேமராவும் சுவிட்சும் நல்லவை, அவற்றைத் தொடவில்லை. கேபிளை மட்டும் முழுசாக உருவி எறிந்துவிட்டு, வெளியிடத்துக்கு என்றே வரும் கறுப்பு உறை போட்ட முழுச் செம்பு கேட் சிக்ஸ் போட்டோம். வழியைக் கொஞ்சம் மாற்றியதில் 88 மீட்டர் ஆனது. இந்தக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதிலும் சுவருக்குள் ஓடும் பகுதி 90க்குள் இருப்பது நல்லது. நூறைத் தாண்டினால் நான் ஃபைபர்தான் போடுவேன். நடுவில் எங்கேயும் ஜாயின்ட் இல்லை, ஒரே நீளம். கேமராவின் வாலில் இருக்கும் கனெக்டருக்குள் சிலிகான் ஜெல் வைத்து அடைத்து, வாய் கீழே பார்க்கிற பெட்டிக்குள் வைத்தேன். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் அதைக் கீழே ஒரு வளைவு விட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகாமல் வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டையும் போட்டேன். எவ்வளவு அடைத்தாலும் கடற்கரையில் ஈரம் உள்ளே வரும், வந்தது வெளியே போக வழி வேண்டும். அப்பா சொன்ன இன்னொன்றையும் செய்தேன்: அந்த கேமராவின் போர்ட்டை ஆபீஸில் அணைத்துவிட்டுத்தான் கனெக்டரைப் பிடுங்குவது. லோடு ஓடும்போது பிடுங்கினால் முள்ளின் நுனியில் பொறி விழும், தங்க முலாம் அங்கேதான் முதலில் போகும்.

வேலை முடிந்தபோது ஐந்தே கால். கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை. கணக்குப்பிள்ளை டீ சொன்னார். டெஸ்டரை நடுவில் செருகியே விட்டுவிட்டு, ஜெட்டிப் பக்கம் ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தோம். உப்பனாறு பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அண்ணனும் வந்து நின்றுகொண்டார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு மேலே 'டிக்' என்றது. சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. நான் ஏணியில் ஏறி டெஸ்டரைப் பார்த்தேன். 46.3 வோல்ட், 11.6 வாட்.

உள்ளே பெரிய கம்ப்ரெஸரைப் போட்டார்கள். எண் அசையவில்லை. கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதி, நேரம் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டார்.